கண்ணாடியில் வைத்த சந்தனம்

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு வானாய்வு நிலையத்தில் அட்டெண்டராக இருந்தேன். மொட்டைமாடியில், வெயிலை அளந்து வானத்தின் தெளிவைப் பதிவு செய்யும் கருவி ஒன்று உண்டு. தினமும் அதன் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை.

ஓர் ஆயுத பூஜைக்கு அந்தக் கண்ணாடியிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். விடுமுறை முடிந்து வந்துதான் துடைத்தேன்.

அளவுகளைப் பார்த்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஏம்பா, பூஜைக்கு வானமும் லீவு போட்டுடுச்சா? இவ்ளோ மங்கலா கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "மப்பாத்தான் இருந்துது சார்" என்றேன்.

அவர் அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பல வருட வானத்தை ஒப்பிட வைத்திருந்த பதிவேடு அது. ஐந்தாவது வரை படித்த என் பேச்சை நம்பி அதில் ஒரு பொய்யை எழுதினார். அவர் மாற்றலாகிப் போன அன்று அவருக்குப் போடப் பூமாலை வாங்கி வந்தவன் நான்தான். அப்போதும் சொல்லவில்லை.