தண்ணீர்த்தொட்டிக்கு மேலே எடை இல்லை

முதலில் நடுங்குவது அலமாரியிலிருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள்தான். பிறகு ஜன்னல் கண்ணாடி, பிறகு நம் நெஞ்சுக்கூடு. புனேயில், லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்த எங்களுக்குப் போர் விமானம் எழும்பும்போதெல்லாம் பேச்சுக்கு "பிரேக்". திட்டிக்கொண்டிருக்கும் அம்மாகூட வாயைப் பாதியில் நிறுத்தி, ஓங்கிய கரண்டியோடு காத்திருந்து, சத்தம் தேய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்தே திட்டைத் தொடர்வாள்.

அப்பா அந்த விமானங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். திருநெல்வேலிக்காரர், ஆறடி ஆள், நல்ல கனம். அவர் உட்கார்ந்தால் எங்கள் ஸ்கூட்டர் ஒருமுறை முனகிவிட்டுத்தான் கிளம்பும். போர் விமானங்கள் வேறு தளத்துக்குப் பயிற்சிக்குப் போகும்போது, கருவிப்பெட்டிகளோடு அவரும் பெரிய சரக்கு விமானத்தில் ஏறிப் போய்விடுவார். அது எழும்புகையில் நான் மொட்டைமாடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "டாங்கி" என்று நாங்கள் சொல்லும் உயரமான தண்ணீர்த்தொட்டியை அது தாண்டியதும் மூச்சை விடுவேன். அதற்கு மேலே பூமியின் இழுப்பு எட்டாது, எடையே கிடையாது என்பது குடியிருப்புப் பிள்ளைகள் நாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்த விஞ்ஞானம். டிவியில் விண்வெளிக்காரர்கள் மிதக்கவில்லையா? அப்பாவும் அப்படி மிதந்துகொண்டே போய்ச் சேர்வார் என்று நம்பி, நிம்மதியாக இறங்கிப் போய்ச் சாப்பிடுவேன்.

ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு "மண்டி"க்குக் காய்கறி வாங்கப் போனேன். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டி, உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தேன். கீழிருந்து யாரோ தூக்குவது போலக் கை தானாக மேலே போயிற்று.

"எப்பா, கை பறக்குது!"

"பிளேன் ரெக்கையும் அதத்தான் செய்யுது. அது காத்தக் கீழ தள்ளும், காத்து அத மேல தள்ளும்," என்றார், திரும்பாமலே.

"டாங்கியத் தாண்டிட்டா தள்ள வேண்டாம்லா? அங்கதான் கனமே கெடயாதே?"

அவர் சிரித்ததில் ஸ்கூட்டர் ஆடியது. "யாருட்டி சொன்னா? பிளேன் போற ஒசரத்துலயும் கனம் அப்படியேதான் இருக்கும். கழட்டி வச்சிட்டுப் போக அது என்ன செருப்பா?"

சிக்னலில் வண்டி நின்றது. என் கை தொப்பென்று தொடையில் விழுந்தது. 

"அப்போ பிளேனு ஓடிக்கிட்டே இருக்கணுமா? நின்னுட்டா?"

"நின்னா விழும்லா," என்றார், வெண்டைக்காய் வாங்கணும் என்று சொல்கிற அதே குரலில்.

என்னால் நம்பவே முடியவில்லை. இது தெரிந்தேதான் எல்லோரும் ஏறுகிறார்களா? அம்மாவுக்கும் தெரியுமா? தெரிந்தேவா புளியோதரை கட்டிக்கொடுத்து அனுப்புகிறாள்? அடுத்த முறை அவர் போனபோது, விமானம் தொட்டியைத் தாண்டியும் என் மூச்சு வெளியே வரவில்லை. அவர் திரும்பி வந்து, ஸ்கூட்டர் அவரைச் சுமந்து முனகுவதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது புனேயின் இன்னொரு மூலையான பாணேரில் அடுக்குமாடி வாசம். ஸ்கூட்டர் இல்லை, அம்மா இல்லை, டம்ளர்கள் நடுங்குவதில்லை. என்னோடு இருக்கும் அப்பாவுக்கு மட்டும் பழைய பழக்கம் போகவில்லை. வாஷிங் மெஷின் வேகமெடுத்தால்கூடப் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். போன வாரம் குளியலறை வாசலில் சறுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, அடி ஒன்றுமில்லை. அக்குளில் கைகொடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டித் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் நானே பின்னால் சாயப் பார்த்தேன். அவ்வளவு லேசாக இருந்தார். அன்று ஸ்கூட்டரில், கழற்றி வைக்க முடியாது என்றாரே, அத்தனை எடையையும் எனக்குத் தெரியாமல் எப்போது கழற்றி வைத்தார்?

"ஏட்டி, ரொம்பக்..." என்று தொடங்கினார். பின்பக்கப் பால்கனியில் வாஷிங் மெஷின் இரைந்து சுற்றத் தொடங்கியது. என் தோளைப் பிடித்தபடி அவர் வாயை மூடிக்கொண்டார். நானும் அசையாமல் காத்திருந்தேன். இரைச்சல் அடங்கியது.

"...கனக்கேனா?"

"ஆமாப்பா," என்றேன். "தூக்கவே முடியல."