மாமாவின் இடது கை

மாமாவின் இடது கை கியர் குமிழின் மேல்தான் குடியிருந்தது. மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. புதுக் காரை எடுத்து, மாலை போட்டு, வடலூர் வழியாக நெய்வேலிக்கு ஓட்டிவந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் அதைக் கவனித்துவிட்டேன். கியர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத நேரான சாலையிலும் அந்தக் கை அங்கிருந்து நகரவில்லை. இரண்டு மோதிரம் போட்ட விரல்கள் குமிழைப் பொத்திக்கொண்டிருக்க, தோளிலிருந்து இறங்கும் கனம் முழுவதும் அந்தத் தண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. இடது காலும் அப்படியே. கிளட்ச் பெடலைக் கால் வைத்து இளைப்பாறும் பலகை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவன். யார் எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதியே பழகியதால் வீட்டுக்கு வந்த பிறகும் எழுதாமல் இருக்க முடியாது. முதல் மழை பெய்த நாள், குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்த நாள், தெருவிளக்கு எரியாத நாட்கள் எல்லாம் என் நோட்டில் உண்டு. மாமாவின் காருக்கும் சில பக்கங்கள் ஒதுக்கினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காரோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தது எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். கியர் தண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. மாமா அந்தக் கையேட்டைக் கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில் போட்டு வைத்திருந்தார்.

அவருக்குக் கையேடு எதற்கு? சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியர். "மைன்ஸ்ல லாரி உசரத்துக்கு இருக்கற கியர்பாக்ஸைப் பார்க்கறவன் நான். இதெல்லாம் தீப்பெட்டி" என்பார். நிலக்கரி ஏறிய நிலையில் பெல்ட்டை ஸ்டார்ட் பண்ணாதே என்று வேலையிடத்தில் போர்டு எழுதி மாட்டியவரும் அவர்தான். அதே மனிதர், நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் காரை இரண்டாவது கியரில் கிளப்புவார். வண்டி உறுமும், உதறும், பிறகு பரிதாபமாக நகரும். ஒருமுறை அக்கா காரணம் கேட்டதற்கு, "நெய்வேலில மேடு எங்கடீ இருக்கு? ஃபர்ஸ்ட் கியரெல்லாம் ஊட்டிக்காரனுக்கு" என்றார். நின்ற வண்டி நகர்வதற்கே முதல் கியர் வேண்டும் என்பது, சமவெளியில் பிறந்து சமவெளியிலேயே இன்ஜினியரான அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஷிப்ட் விடும் நேரத்தில் சாலை முழுக்கச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாக வரும். மற்றவர்கள் காரை நிறுத்திக் காத்திருப்பார்கள். மாமா நிற்க மாட்டார். கான்டிராக்ட் தொழிலாளிகளுக்காக ஒரு இன்ஜினியர் வண்டியை நிறுத்துவதா? பாதி கிளட்ச்சில் அங்குலம் அங்குலமாக அவர்கள் முதுகில் இடிப்பதுபோல ஊர்ந்துகொண்டே இருப்பார். சற்று நேரத்தில் கிளட்ச் கருகும் வாடை வரும். "எவனோ டயர் கொளுத்தறான்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிடுவார். வீட்டு வாசலில் கார் முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸில் தள்ளுவார். உள்ளே எதையோ அரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். அடுத்த பிளாக்கில் காபி குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குக்கூட அவர் வீடு திரும்பிவிட்டது தெரிந்துவிடும்.

முதல் கிளட்ச் பிளேட் ஒன்றரை வருடத்தில் போனது. இரண்டாவது அதைவிடச் சீக்கிரம். முதலாவதற்குக் காரணம் சாலை என்றார், இரண்டாவதற்குக் கார் விற்றவன் என்றார். என் நோட்டில் இரண்டு இடத்திலும் "காரணம்: கால்" என்று எழுதி வைத்தேன். அந்தச் சுருக்கம் எனக்கே பிடித்திருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கேட்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், படித்த முட்டாள் ஒருவர் தன் வண்டியைத் தானே தின்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

கார் வாங்கிய நான்காவது வருடம், ஆசிரியையாக இருந்த அக்காவை அவள் பள்ளித் தாளாளர் கூப்பிட்டு, குள்ளஞ்சாவடி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தங்கள் இன்னொரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போகச் சம்மதமா என்று கேட்டார். இருபத்திரண்டு வருடம் அக்கா காத்திருந்த பதவி. ஆனால் அந்த ஊருக்குக் காலையில் ஒரே பஸ்தான். அதுவும் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். கார் ஓட்டினால் மட்டுமே அந்த வேலை. அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது. மாமா முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போன பிறகு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதினொரு நாள் பழகினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். நின்றால் நியூட்ரல், கிளம்பினால் முதல் கியர். ரிவர்ஸ் என்றால் மட்டும் பயம். அதனால் சுற்றி வந்து தெருவோரத்திலேயே விட்டுவிடுவாள். மாலையில் மாமா வந்து, வழக்கமான அந்தச் சத்தத்தோடு, உள்ளே எடுத்து நிறுத்துவார்.

பன்னிரண்டாம் நாள், டவுன்ஷிப் நுழைவாயில் ஆர்ச்சுக்குப் பக்கத்தில், இரண்டாவது கியர் தானாகவே கழன்றுகொண்டது. பிறகு தண்டு எந்தப் பக்கமும் போகவில்லை. பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அன்று மாலை மாமா வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் செய்தி வாசித்தார். "நாலு வருஷம் என் கையில கல்லாட்டம் இருந்த வண்டி. பதினோரு நாள்ல முடிச்சுட்டா. இவங்க போய் ஸ்கூலை நடத்தப் போறாங்களாம்!" அதைவிட மோசம், அக்கா அதை நம்பிவிட்டாள். சம்மதக் கடிதம் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். செவ்வாய்க்கிழமையே என்னிடம், "எனக்கு வேணாம்டா. எனக்கெல்லாம் அது வராது" என்று சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, காரைப் பழுதுபார்க்க எடுத்துப்போயிருந்த வடலூர்ப் பட்டறைக்காரர் கார் தயார் என்று கூப்பிட்டார். மூவரும் பஸ்ஸில் போனோம். கழற்றிய பழைய சாமான்களைச் சிமெண்ட் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார்.

"யாருங்க சார் வண்டி ஓட்டறது?"

"இந்த அம்மாதான். பதினோரு நாள்" என்று மாமா சிரித்தார்.

"பதினோரு நாள்ல தேயற சாமான் இல்லீங்களே இது." பட்டறைக்காரர் ஒரு இரும்புக் கவையை எடுத்துக் காட்டினார். "இதான் கியரத் தள்ளற ஃபோர்க்கு. ஒரு பக்கம் தகடாட்டம் ஆயிப்போச்சு பாருங்க. ராடு மேல கைய வச்சி அமுக்கிக்கினே ஓட்டினா, உள்ள சுத்தறது மேல இது ஒராஞ்சிக்கினே கெடக்கும். நாலு வருசத்து வேலைங்க."

"உனக்கு என்னய்யா தெரியும்? மைன்ஸ்ல எவ்ளோ பெரிய கியர்பாக்ஸ்லாம் பார்க்கறேன் தெரியுமா?"

"அதும் மேல யாரும் கைய வச்சிக்கினு ஒக்கார்றதில்லீங்களே சார்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் சிரித்ததில் டீ சிந்தியது. பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. அடுத்த சாமானை எடுத்தார். "இது ரிவர்ஸ். பல்லெல்லாம் மொனை ஒடஞ்சிருக்குது. வண்டி நிக்கறதுக்குள்ள தள்ளினா இப்பிடித்தான்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "நான் இந்த வண்டில ரிவர்ஸே போட்டதில்லையேங்க."

குனிந்து, பட்டறைக்காரர் காட்டிய கவையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மாமா, "மெட்டீரியலே சரியில்ல" என்றார்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு அப்பவே தெரியும்க்கா. மொத கிளட்ச் பிளேட் போனப்பவே நோட்டுல எழுதி வச்சுட்டேன்" என்றேன். பாராட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"என்னான்னு?"

"காரணம்: கால்னு."

அக்கா அந்தக் கவையைச் சாக்கின் மேல் திரும்ப வைத்தாள். "பதினோரு நாளும் என் பக்கத்துலதான ஒக்காந்துக்கினு இருந்த? நான்தான் ஒடச்சேன்னு இவரு ஊரு பூரா சொன்னப்பவும் அங்கதான நின்ன?"

நான் செருப்பு நுனியால் சாக்கின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

"நல்லா எழுதுனடா."

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பட்டறைக்காரரின் பேனாவை வாங்கி, பானட்டின் மேலேயே வைத்து நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "வண்டிய ரோட்டப் பாத்து நிறுத்திக் குடுங்கண்ணே, எனக்கு ரிவர்ஸ் வராது" என்றாள். அவர் திருப்பி நிறுத்திக் கொடுத்ததும் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மாமா இடது பக்கக் கதவைத் திறக்கப் போனார். அது உள்ளே பூட்டியிருந்தது. "நான் அந்த ஸ்கூலுக்கே போயி தாளாளருகிட்ட லெட்டரக் குடுத்துட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல போயிடுங்க" என்று கண்ணாடி இடுக்கு வழியாகச் சொன்னாள். முதல் கியரில் மெல்லக் கிளம்பி, குள்ளஞ்சாவடி பக்கம் திரும்பி, லாரிகளுக்கு நடுவில் போய்விட்டாள்.

அந்தப் பள்ளியில் அக்கா ஓய்வு பெறும்வரை தலைமையாசிரியையாக இருந்தாள். இன்றும் அந்தக் கார் அவளிடம்தான் இருக்கிறது. அதன் கியர்பாக்ஸை அதற்குப் பிறகு யாரும் திறந்ததில்லை. இதை நான் எழுதி வைக்கவில்லை. நோட்டு எழுதுவதையே அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

அன்று மாமாவும் நானும் நெய்வேலி பஸ்ஸில் ஏறினோம். காலியாக இருந்தது ஒரே ஒரு இருவர் இருக்கைதான். நான் ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டேன். அவருடைய முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. பஸ் கிளம்பியதும் கண்டக்டர் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணுங்களா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா, "ஒண்ணுதாம்பா" என்று சொல்லிவிட்டார்.