நின்றதையெல்லாம் வெட்டியவள்

தங்கச்சிமடத்து ஜோதிமேரி மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அதை முதலிலேயே கொட்டிவிட்டால்தான் மற்றதை நேர்மையாகச் சொல்ல முடியும். என் பெயர் பூமிநாதன். இராமநாதபுரம் வட்டாரத்தில் எந்த விளையாட்டு நடந்தாலும் மைக் பிடிப்பவன். அவள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் கைப்பந்துப் போட்டிக்கு இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினேன். அதை அவள் மூன்று நிமிட வீடியோவாக வெட்டிப் போட்டாள். என் குரல் அதில் ஒரே ஒரு இடத்தில் வந்தது. "அந்தப் பச்சைக் கலர் பைக்க யாராச்சும் எடுங்கப்பா" என்று சொன்ன இடம்.

வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. பார்க்கிறவனெல்லாம் என்னிடம் பச்சை பைக்கை எடுத்தாச்சா என்று கேட்டான்.

அப்போது அவள் இராமநாதபுரத்தில் வேல்ராஜ் நடத்தும் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தாள். ஒன்பது வருட வேலை. தாலி கட்டும்போது திரை முழுக்க ரோஜாப்பூ கொட்டுவது, மாப்பிள்ளை மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது எல்லாம் அவள் கைவரிசைதான். கைப்பந்து வீடியோவுக்குப் பிறகு அவளுக்கு ரோஜாப்பூ கொட்டப் பிடிக்கவில்லை. சொந்தமாக விளையாட்டு வீடியோ தொழில் தொடங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். வேல்ராஜ் சிரித்தார்.

"போயிட்டு வா, மேரி. உன் சேர்ல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். சித்திரைக்குள்ள திரும்பி வந்துருவ."

"சித்திரைக்குள்ள இந்தத் தொழில்ல நான் நிக்கலன்னா, நானே வந்து உக்காந்துக்கிறேண்ணே."

வாய்க்கொழுப்பு. சொல்லியிருக்க வேண்டாம். வேல்ராஜ் அந்தச் சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக் கதை சொன்னார்.

ஜோதிமேரியின் கடை என்பது வீட்டு முன்னறைதான். கணவர் சகாயவினோத் விசைப்படகுக்குப் போகிறவர். அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் மீன் பெட்டி இரண்டைக் கவிழ்த்து ஒன்றை மேசையாக்கினாள், இன்னொன்றில் உட்கார்ந்தாள். லேப்டாப் மதுரையில் வாங்கிய பழசு. முதலில் வைத்திருந்தவன் கேம் ஆடியே கீபோர்டில் நான்கு எழுத்துகளைத் தேய்த்திருந்தான். அதில் ராம் மெமரியைக் கூட்டினாள், புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டாள். மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதில் நல்லது ஒன்று. கரண்ட் போனால் வேலை போகாமலிருக்க ஒரு யூ.பி.எஸ். கேமராவும் ஒன்றே ஒன்று, ஆனால் நொடிக்கு நூற்றிருபது படம் எடுக்கும். அது இருந்தால்தான் ஸ்லோ மோஷன் திக்காமல் ஓடும் என்பாள். உப்புக்காற்றில் கேமரா கெடாமலிருக்க, செருப்பு வாங்குகிற பெட்டிக்குள் கிடக்குமே சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலம், அதைத் தெரு முழுக்கக் கேட்டு வாங்கிப் பையில் நிரப்பியிருந்தாள். டிரோன் வாங்கவில்லை. நம் கடலோரத்தில் அதற்கு அனுமதி கேட்டு அலைவதற்குள் அடுத்த திருவிழா வந்துவிடும்.

இத்தனை இருந்தும் அந்த லேப்டாப் பெரிய வீடியோவைத் தூக்காது. திணறும், சூடேறும், அப்படியே உறைந்துவிடும். அதனால் மென்பொருள் ஒவ்வொரு வீடியோவுக்கும் சின்னதாக, கொஞ்சம் மங்கலாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அவள் நகலில் வெட்டி ஒட்டுவாள். முடிந்ததும் மென்பொருளே அதே வெட்டுகளை அசலில் போட்டுக் கொடுக்கும். இதைக் கேட்ட வேல்ராஜ், "நகலை வச்சுத் தொழில் பண்ணுறாளாம்" என்று இன்னும் நாலு பேரிடம் சொன்னார்.

மாசி வரை இரண்டு கைப்பந்து, ஒரு கபடி. பங்குனி பிறந்ததும் ஒன்றுமில்லை. பாவமாக இருந்தது. என் கோபத்தை மடித்து வைத்துவிட்டு நான்தான் அவளுக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். உத்தரகோசமங்கைப் பக்கம் சோணையம்மாள் என்று ஒருத்தர், வயல்காரர், வடமாடு வளர்ப்பவர். மாட்டை நீளமான வடத்தில் கட்டி நடுக்களத்தில் விடுவார்கள். ஒன்பது பேர் இருபது நிமிடத்துக்குள் அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மாடு ஜெயித்தது. சோணையம்மாளின் செவலைக்காளை அன்று ஜெயித்தது. ஜோதிமேரி டிராக்டர் டிப்பர் மேல் ஏறி நின்று முழுவதையும் எடுத்தாள். கடல்காரப் பெண், மாடு என்றால் பாம்பன் ரோட்டில் பஸ்ஸை மறிப்பது என்ற அளவில்தான் பழக்கம்.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, நானும் அவளும் வீடியோவோடு போனோம். இரண்டரை நிமிடம். புழுதி பறக்கிறது, மாடு துள்ளுகிறது, ஆட்கள் மூலைக்கொருவராக விழுகிறார்கள், பின்னால் உறுமி மேளம். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சோணையம்மாள் இரண்டு தரம் பார்த்தார்.

"இதுல என் மாடு எங்கத்தா?"

"எல்லாத்துலயும் உங்க மாடுதானக்கா."

"இது ஓடுற மாடு. எம்மாடு நின்ன மாடாச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடுகிற மாடு பயந்த மாடு. நடுக்களத்தில் தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, எவனையும் கிட்ட விடாமல் நிற்கிறதே, அதற்குத்தான் பெயர். செவலை இருபது நிமிடத்தில் பதினொரு நிமிடம் அப்படி நின்றது. கைப்பந்தில் பந்து செத்துக் கிடக்கும் நேரத்தை வெட்டிப் பழகிய ஜோதிமேரி, ஒன்றும் நடக்கவில்லை என்று அந்தப் பதினொரு நிமிடத்தையும் சுத்தமாகத் தூக்கிவிட்டாள்.

என்னிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நான் மைக்கில் "நின்னு வெளையாடுறான்யா செவலை" என்று நூறு தரம் கத்தியிருந்தேன். அவள் முதலில் வெட்டியது என் குரலைத்தான்.

"ஞாயித்துக்கெழம பெரிய வடமாட்டுக் கமிட்டிக்காரங்க மாடு பாக்க வாராங்க," என்றார் சோணையம்மாள். "பன்னெண்டு மாடுதான் எடுப்பாங்க. இதக் காட்டுனா வெரண்டு ஓடுற மாடுன்னு போயிருவாங்க. நின்னதப் போட்டுக் குடு, தாயி. இல்லன்னா இனி இந்தப் பக்கம் ஒரு மாட்டுக்காரனும் உன்னயக் கூப்புட மாட்டான்."

ஜோதிமேரி தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள். அசல் இல்லை. வீடியோதான் முடிந்ததே, நாளைக்குக் காரங்காட்டில் ஒரு கபடி எடுக்க இடம் வேண்டும் என்று மெமரி கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் காலி செய்துவிட்டாள்.

"வேல்ராஜ் அண்ணன்ட்ட சேரத் தொடச்சு வைக்கச் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. ஒன்பது வருடம் பூ கொட்டியவள், ஒரு மாடு நின்றதால் மறுபடியும் பூ கொட்டப் போகிறாளே.

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அந்தச் சின்ன நகலு. அத நான் அழிக்கவே இல்லண்ணே."

இருந்தது. இருபது நிமிடமும் மங்கலாக, முழுசாக. நல்ல லேப்டாப்பாக வாங்கியிருந்தால் நகலே இருந்திருக்காது. இந்த முறை செவலை நின்றதில் ஏழு நிமிடத்தை ஒரு வெட்டுக்கூட இல்லாமல் அப்படியே விட்டாள். பாட்டு இல்லை, உறுமி இல்லை. மாடு நிற்கிறது, பின்னால் என் குரல். ஏழு நிமிடமும் நான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் சோணையம்மாளின் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். கூத்தையா என்பவர் கண்ணைச் சுருக்கினார்.

"மங்கலால்ல தெரியுது?"

"மங்கலா?" என்றார் சோணையம்மாள். "அது மாடு மண்ணக் கெளறுன தூசிய்யா."

கூத்தையா மரியாதையாக இன்னும் குனிந்து பார்த்தார். செவலையை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே மாட்டுக்காரர்கள் பஸ் ஏறி, பாலம் தாண்டித் தங்கச்சிமடத்துக்கு வரத் தொடங்கினார்கள். கூத்தையாவும் வந்தார். அவர் மாடு களம் முழுக்க ஓடிய மாடு.

"வீடியோவுல இத நிக்க வைக்க முடியுமாம்மா?"

"முடியும்ணே. ஆனா பிடிக்க வந்த ஒம்போது பேரும் சேந்து நின்னுருவாங்க. ஒருத்தரு அந்தரத்துல நிப்பாரு. பரவாயில்லயா?"

கூத்தையா யோசித்துவிட்டு, ஓடுவதும் ஒரு அழகுதான் என்றார்.

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் வேல்ராஜ் போன் செய்தார். நான் அவள் முன்னறையில்தான் இருந்தேன்.

"சேர் காலியாத்தான் கெடக்கு, மேரி."

"நானே கேக்கணும்னு இருந்தேண்ணே. இங்கன வாரவங்க மீன் பெட்டில உக்கார மாட்டேங்கிறாங்க. அத ஒரு வண்டில ஏத்தி விடுங்க."

வேல்ராஜ் சிரித்தார். இது வேறு சிரிப்பு. சாயங்காலமே நாற்காலி வந்துவிட்டது, துண்டோடு.

முதலில் நான்தான் உட்கார்ந்தேன். முன்னறைத் தரை வாசல் பக்கம் சரிவு. சக்கரம் உருண்டு என்னைத் தெருவில் கொண்டுபோய் விட்டது. கேமரா கையில் இருந்தும் ஜோதிமேரி அதை எடுக்கவில்லை.

"ஓடுறத நான் இப்பல்லாம் எடுக்கிறதில்லண்ணே," என்றாள்.