சக்கரம் வெச்ச வூட்டுக்கு எத்தினி வரி

தொறமுகத்துல அடுத்தவங்க சாமான வெளிய எடுத்துக் குடுக்கற புரோக்கர் வேலைன்னா வேற ஒண்ணியும் இல்ல, ஒரே அடியா சொன்னா ஆளு சாஞ்சிடுவான்னு அதிர்ச்சிய தவணை தவணையா பிரிச்சி சொல்ற வேலை. நானு படிச்சது அஞ்சாவது, அதுலயும் பாதி நாளு மட்டம். ஆனா மெட்ராஸ் தொறமுகத்துக்கும் திருப்பதியில வண்டி பதியற ஆபீசுக்கும் அலைஞ்சி அலைஞ்சி, ஃபாரத்துல எந்த எடத்துல கையெழுத்து, எந்த எடத்துல கண்ணீருன்னு மனப்பாடம்.

ஆந்திரா எல்லையோரம் நம்ம பக்கத்து ஜனங்க குவைத்து, சிங்கப்பூரு, லண்டன்னு போயி, திரும்பறப்போ டிவி, ஃபிரிட்ஜுன்னு கொண்டாந்த காலம் அது. நீங்களும் அப்பிடி எதனா கொண்டாந்து, ரசீத பாத்துட்டு செவுத்த புடிச்சிக்கினு நின்னவங்கதானா? வாங்க, பக்கத்துல குந்துங்க. ஏகாம்பரம் பட்டத கேட்டா உங்களுது ஒண்ணியுமே இல்லன்னு தோணும்.

வூட்டு சாமான்

ஏகாம்பரம் விஜயபுரத்துக்காரன், எனக்கு மச்சான் முறை. லண்டன்ல ஒரு ஓட்டல்ல பதினஞ்சி வருஷம் தோசை சுட்டவன். அவன் சம்சாரம் தேவகி அந்த பதினஞ்சி வருஷமும் அவன் அண்ணன் வூட்டுல ஒரே ரூம்புல கெடந்துது. புத்தூர்ல தேவகி பேர்ல ஒரு மனை மட்டும் வாங்கிப் போட்டிருந்தான். அதுல வூடு கட்டத்தான் காசு சேரல.

ஒரு நாளு போன் பண்ணான். "மச்சான், வூடு கட்டல, வூட்டையே கொண்டாரேன்." இன்னான்னு பாத்தா ஒரு வேனு. உள்ள அடுப்பு, தண்ணித் தொட்டி, கட்டிலு, மடக்கற மேஜை, ஓரத்துல கக்கூஸு. வெள்ளக்காரங்க இதுல ஊர் ஊரா போயி, அதுலயே ஆக்கித் துன்னுட்டு அதுலயே தூங்குவாங்களாம். வரி எவ்ளோ ஆவும்னு கேட்டான். வெளிநாட்டுலருந்து ஒரேடியா திரும்பறவங்க வூட்டு சாமானுக்கு வரியில சலுகை உண்டு, அது எனக்குத் தெரியும். அடுப்பு கீது, கட்டில் கீது, அப்பறம் இன்னா? "வூட்டு சாமான்னு எழுதிடலாம், தைரியமா கப்பல்ல ஏத்து"ன்னேன். எல்லாம் கெட்டது அந்த ஒரு வார்த்தையிலதான்.

கஸ்டம்ஸ் ஆபீசரு ஃபாரத்த படிச்சாரு. வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. உள்ள ஏறி டிரைவர் சீட்டுல குந்தி, நிதானமா ஹாரன ஒரு அமுக்கு அமுக்கினாரு. யார்டுல தூங்கிக்கினு இருந்த நாயி எழுந்து ஓடிச்சி. எட்டிப் பாத்து என்னைக் கேட்டாரு: "ஏம்பா, உங்க ஊர்ல அடுப்புக்கு ஹாரன் வெப்பாங்களா?"

கெழவி சொன்ன வெலை

அந்த வண்டிய ஏகாம்பரம் ஒரு வெள்ளக்கார கெழவி கிட்டருந்து அடிமாட்டு வெலைக்கு வாங்கியிருந்தான். கெழவி கைப்பட எழுதின ரசீதையும் பத்திரமா வெச்சிருந்தான். ஆபீசரு அத வாங்கி, படிச்சி, டீ டம்ளருக்கு அடியில வெச்சாரு. தடியா ஒரு புக்க எடுத்தாரு. இந்த வண்டி புதுசா வித்தப்போ இன்னா வெலை, அதுல ஓடின வருஷத்துக்கு கொஞ்சம் கழிச்சி, மிச்சம் இருக்கறதுதான் மதிப்பு. கெழவி பாவம் பாத்து குடுத்தாளா, கோவத்துல குடுத்தாளான்றது புக்குல வராது.

அதோட வுட்டாரா? கப்பல் கூலிய அது தலையில ஏத்தினாரு, இன்சூரன்ச ஏத்தினாரு, மொத்தத்துக்கும் ஒரு வரி, அந்த வரிய சேத்து அது மேல இன்னொரு வரி. வண்டிக்கு குடுத்தத போல பல மடங்கு வந்து நின்னுது. நானு இத டீக்கடையில பாதி, பஸ்ஸுல பாதின்னு சொல்லலாம்னு இருந்தேன். அவரு ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. ஏகாம்பரம் ஆபீசரோட தண்ணி சொம்ப எடுத்து மடமடன்னு குடிச்சிட்டு, ரொம்ப பணிவா கேட்டான்: "கப்பல் கூலிய நான் அழுதேன் சார், அழுததுக்குமா வரி?"

வாடகை

கட்டலாமா வுடலாமான்னு யோசிக்கறதுக்குள்ள பத்து நாளு ஓடிச்சி. தொறமுகத்துல சாமான சும்மா வெக்க வுட மாட்டாங்க, நாள் கணக்குல எட வாடகை. மொதல்ல கொஞ்சம், நாளாவ நாளாவ அதிகம். இது எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான், சொல்லத்தான் வாய் வரல. அவனே பில்ல வாங்கிப் பாத்துட்டான். அத நாலா மடிச்சி சட்டைப் பையில வெச்சிக்கினான். அப்பறம் சொன்னான்: "வூடு என்னுது, உள்ள நான் இல்ல, வாடகை மட்டும் நானே குடுக்கறேன். லண்டன்ல கூட இப்பிடி ஒரு ஓனர பாக்கல மச்சான்."

தேவகி ஏறிப் பாத்தது

காசு பொரட்ட ஒரே வழிதான் இருந்துது, புத்தூர் மனை. அது தேவகி பேர்ல. பத்திரத்த பைல வெச்சிக்கினு தேவகியே மெட்ராசுக்கு வந்துடுச்சி. வழி நெடுக என் கிட்ட பேசல. வூட்டு சாமான்னு சொன்ன புண்ணியவான் யாருன்னு அதுக்குத் தெரியும்.

ஆபீசரு கிட்ட கேட்டு யார்டுக்குள்ள கூட்டிக்கினு போனேன். வண்டிக்குள்ள ஏறிச்சி. கொழாய தெறந்துச்சி, தண்ணி வரல. அடுப்பு திருகாணிய இப்பிடியும் அப்பிடியும் திருப்பிச்சி. கதவ உள்ளருந்து தாப்பா போட்டுச்சி. ஏகாம்பரமும் நானும் வெளிய நின்னுக்கினு இருக்கோம், ரொம்ப நேரமாவியும் தெறக்கல. அவன் பயந்துட்டான். அப்பறம் தேவகி கதவ தெறந்து, "இத வுட்டுட்டா இன்னா பண்ணுவாங்கண்ணா?"ன்னு கேட்டுச்சி. ஏலம் வுடுவாங்கம்மான்னேன். பத்திரத்த எடுத்து என் கையில குடுத்துச்சி. நல்லா யோசிச்சிக்கம்மா, மண்ணு வெலை ஏறும், வண்டி வெலை எறங்கும்னேன். தேவகி சொல்லிச்சி: "பதினஞ்சி வருஷமா அடுத்தவங்க சமையக்கட்டுல நேரம் பாத்து நொழைஞ்சேண்ணா. இதுல உள் தாப்பா கீது."

இல்லா?

மனை போச்சி, வண்டி வந்துச்சி. அடுத்தது திருப்பதியில ரிஜிஸ்டர் பண்ணணும். அங்க இருந்த கிளார்க்கு தெலுங்குக்காரரு. வண்டிக்குள்ள கட்டில பாத்தாரு, கக்கூச பாத்தாரு, "இதி பண்டியா? இல்லா?"ன்னாரு. தெலுங்குல இல்லுன்னா வூடு. இது வண்டியா, வூடான்னு கேக்கறாரு. நம்ம ஏகாம்பரம் லண்டன்ல தெலுங்க தொலைச்சிட்டவன். இது வண்டியே இல்லன்றாருன்னு நெனச்சிக்கினு, "இல்ல இல்ல சார்"னு பதறி கைய ஆட்டறான். அவரு காதுல "இல்லு, இல்லு"ன்னு வுழுது. வூடுன்னு எழுதிக்கினாரு. "அயித்தே டோர் நெம்பர் இவ்வண்டி"ன்னாரு, அப்பிடின்னா கதவு நெம்பரு குடுங்கன்னு. இவன் வண்டிய தட்டிக் காட்டி, "ஆமா சார், இவ்வண்டிதான்"ன்றான்.

நானு நடுவுல பூந்து, ரெண்டு பாஷையிலயும் கும்புடு போட்டு, வூட்ட அடிச்சி வண்டின்னு எழுத வெச்சேன். அப்பறந்தான் அடுத்த இடி. ஆயுசு முழுக்க சேத்து ஒரே தடவையில லைஃப் டாக்ஸ் கட்டணும். எந்த வெலைக்கு? வண்டி வெலை, கூட தொறமுகத்துல கட்டின வரி, எல்லாம் சேந்த வெலைக்கு. மிச்சம் இருந்த மனை காசு அங்க கரைஞ்சிது. ஏகாம்பரம் என் தோள புடிச்சிக்கினு மெதுவா கேட்டான்: "லைஃப் டாக்ஸுன்னா யாரு லைஃப் மச்சான், வண்டியுதா, என்னுதா?"

கல்லு முட்டு

வண்டி வந்துச்சி, நிறுத்த எடம்? எடத்த வித்துத்தான வண்டிய எடுத்தோம். திரும்பவும் அண்ணன் வூட்டு வாசல்ல நிறுத்துன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நகரி பக்கத்துல எங்க ஊர்ல, என் வூட்டு பின்னால காலி எடத்துல நிறுத்திக்கச் சொன்னேன். டயர கழட்டி உள்ள வெச்சிட்டு, நாலு மூலையிலயும் கல்லு முட்டு குடுத்து, தேவகி வாசல் தெளிச்சி கோலமும் போட்டுடுச்சி.

மூணு மாசம் போயிருக்கும். பஞ்சாயத்து பில் கலெக்டரு புக்கோட வந்தாரு. கோலத்த பாத்தாரு, கல்ல பாத்தாரு, வூட்டு வரி கட்டணும்னாரு. இது வண்டி சார், தொறமுகத்துல வண்டி, திருப்பதியில வண்டி, ஆர்.சி. புக்கு கூட கீதுன்னு நான் கத்தறேன். ஏகாம்பரம் தலையில கைய வெச்சிக்கினு கீழ குந்திட்டான். எத்தினியோ பேரு வரிய கேட்டு அழுது பாத்திருக்கேன், சண்ட போட்டு பாத்திருக்கேன். அதனால அடுத்தது நடந்தப்போ ஆடிப்போனது நான்தான். தேவகி ஈரக்கைய முந்தானையில தொடச்சிக்கினு எறங்கி வந்து, எங்க ரெண்டு பேரையும் தாண்டிப் போயி, பில் கலெக்டரு எதிர்ல நின்னு சொல்லிச்சி: "கதவு நெம்பரு போட்டு, வரிய என் பேர்ல எழுதுங்க சார். தேவகி, வூட்டு சொந்தக்காரின்னு தப்பில்லாம எழுதுங்க."

இத்தினி வருஷ புரோக்கர் தொழில்ல, வரி வுழுந்த சந்தோஷத்துல எனக்கு காபி போட்டுக் குடுத்த ஒரே பார்ட்டி அதுதான், அதுலயும் வூட்டு சாமான்னு சொன்ன பாவத்துக்கு சர்க்கரை கம்மி.