ஐஸ் உறையாத மூன்று நாள்

போன வாரம் தலைக்குச் சாயம் பூசப் போயிருந்தேன். அந்த வயது வந்துவிட்டது, சிரிக்காதீர்கள். கிண்ணத்திலிருந்து அம்மோனியா நெடி மூக்கில் ஏறியதும் மீனுக்கு ஐஸ் செய்கிற குருசுக்குப்பத்து ஐஸ் பிளாண்டுக்குள் நிற்பது போல இருந்தது. அங்கே குளிரூட்டுவது அம்மோனியாதான்.

இரண்டாயிரத்துச் சில்லறை வருடங்கள். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பிளாண்டின் குளிரைப் பார்த்து மெஷினை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற பெட்டிகள் செய்வோம். பெட்டிக்குள் லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதன் மையப் பகுதியான கெர்னலில், சி மொழிக்கு நடுவே, எனக்கு முன்னால் இருந்த யாரோ சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழியில் நாலு வரி செருகியிருந்தார். ஏன் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

நாங்கள் எழுதுவதை சிப்புக்குப் புரிகிற மொழியாக்கும் கம்பைலரைப் புதிதாக மாற்றினோம். அதுவரை பேசாமல் கிடந்த அந்த வரிகளில் பிழை. சிப்புக்குள் எண்ணை வைக்கிற இடமான ரெஜிஸ்டர் ஒன்றை உள்ளே அனுப்பும் பட்டியலிலும் எழுதியிருக்கிறாய், மதிப்பு கெட்டுப்போகும் பட்டியலிலும் எழுதியிருக்கிறாய், அது கூடாது என்றது கம்பைலர். இரண்டு நாள் முழித்தேன். பிறகு கெட்டுப்போகும் பட்டியலிலிருந்து அதன் பெயரை அடித்துவிட்டேன். பிழை போயிற்று. பக்கத்து இருக்கை விமலாவுக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு பெருமை.

பெட்டி குருசுக்குப்பம் போனது. மூன்று நாள் ஐஸ் பாதிதான் உறைந்தது. கரைக்கு வந்த மீன் கெட்டது. பகலில் மெஷின் நின்று கிடந்ததால் ஆபரேட்டர் அழகேசன் அண்ணன் தூங்கிவிட்டார் என்று முடிவுகட்டி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். முன்பு வேலை பார்த்த மில் மூடியபின் அலைந்து தேடிப் பிடித்த வேலை அது. நான் பெட்டியைப் பார்க்கப் போனபோது வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் தூங்கல தம்பி. மெஷின் தானா நின்னுச்சு."

கம்பெனிக்குக் கொண்டுவந்து பார்த்தால், எங்கள் மேஜையில் அதே பெட்டி ஒழுங்காக ஓடியது. விமலாவிடம் புலம்பினேன். அவர் என் வரிகளைப் பார்த்துவிட்டு, "அந்த ரெஜிஸ்டர் நெஜமா கெட்டுப்போவுதா இல்லையா?" என்று கேட்டார். கெட்டுப்போகிறது என்றேன். "அப்ப ஏன் கெடாதுன்னு எழுதுனீங்க?"

நான் சொன்னதை கம்பைலர் நம்பியிருக்கிறது. அதனால் பெட்டி, கெட்டுப்போன எண்ணைப் பழைய எண் என்று எடுத்துக்கொண்டு, போதுமான குளிர் வந்துவிட்டதாக மெஷினை நிறுத்தியிருக்கிறது. சில நேரம் மட்டும் ஏன் அப்படி ஆனது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. உள்ளே போவது மாறித்தான் வெளியே வரும் என்று திருத்தி எழுதினேன். மறுநாள் பிளாண்ட் முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் அண்ணனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கூட்டிவர ஆளும் அனுப்பினார்.

வந்தவருக்கு நடந்ததை அரை மணி நேரம் விளக்கினேன்.

"ஒண்ணும் புரியல தம்பி. நான் தூங்கலன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. வீட்டுல காட்டணும்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அந்த பிளாண்ட் இல்லை. எங்கள் கம்பெனி இருந்த ஷெட்டில் யாரோ டைல்ஸ் விற்கிறார்கள். கெர்னலில் அந்த நாலு வரியையும் பின்னால் எவரோ தூக்கிவிட்டார். அண்ணன் குடும்பத்தோடு எந்த ஊருக்குப் போனார் என்று விசாரித்தும் தெரியவில்லை. வேலைதான் திரும்பக் கிடைத்துவிட்டதே, அந்தக் காகிதத்தை அவர் வீட்டில் யாரிடம் காட்ட வேண்டியிருந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.