சட்டியை எட்டிப் பார்க்கிற படிப்பு

நான் அஞ்சாவதோடு நின்றவள். என் நாத்தனார் மெட்ராஸில் காலேஜ் படித்தாள். அந்தப் படிப்புக்கு மனையியல் என்று பெயர். சமையல், சத்து, குடும்பம் நடத்துவது எல்லாம் அதில் வருமாம். மாமியார் காடாம்புலியூரில் இருந்தார். "சோறாக்கறதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸு?" என்று நாங்கள் போகும்போதெல்லாம் கேட்பார். முந்திரித் தோப்போடு ஒரு மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார். காலேஜுக்குப் பணம் கட்டியது என் வீட்டுக்காரர். அவரும், "இந்த வருசம் ஒழுங்கா முடிக்கலன்னா அத்தோட போதும், கல்யாணத்தப் பண்ணிடலாம்" என்று அம்மாவிடம் ஒத்துக்கொண்டுவிட்டார். இது நாத்தனாருக்கும் தெரியும்.

அவர் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆகி, நெய்வேலியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்த புதிது. ஷிப்ட் மாறினால் என் அடுப்பும் மாறும். இருட்டோடு எழுந்து ஆக்குகிற வாரமும் உண்டு. பகலில் அவர் தூங்க வேண்டுமே என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிற வாரமும் உண்டு. கொடியில் போட்ட வேட்டி சாயங்காலத்துக்குள் கரித்தூசி படிந்து பழுப்பாகிவிடும். மறுபடி அலசணும். எனக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டான தூக்கம்தான்.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் லீவுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே சொன்னாள். காலேஜ் திறக்கும்போது ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பும், அதை எப்படிச் செய்யப் போகிறாள் என்கிற திட்டமும் கொண்டுபோக வேண்டும். டீச்சர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வருசம் போனதுதான். தலைப்பை யோசித்தே வைத்திருந்தாள். காய், கீரை, தானியம் மட்டும் சாப்பிட்டு ஓர் ஆள் கடுமையாக உழைக்க முடியுமா? சைவ வீடு சில, கறி மீன் சாப்பிடுகிற வீடு சில எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் திட்டம்.

"நீங்க துணைக்கு வாங்க அண்ணி. நான் தனியா வூடு வூடா போனேன்னு தெரிஞ்சா அம்மா பஸ்ஸேறி வந்துடுவாங்க" என்றாள்.

அடுத்த வீட்டில் போய் உப்பு கேட்கவே கூசுகிறவள் நான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

முதலில் எதிர்வீட்டு அம்மா. திருநெல்வேலிப் பக்கத்தவர், கணவருக்கு ஆபீஸில் வேலை. "நாங்க சுத்த சைவம்லா" என்று சொல்லி, பருப்பு, நெய், கெட்டித் தயிர், மோர்க்குழம்பு என்று அடுக்கினார். அதற்கப்புறம் முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டோரம் கான்ட்ராக்ட் ஆட்கள் குடிசை போட்டிருந்த இடத்துக்குப் போனோம். அங்கே போன வீட்டில் எல்லாம் ஒரே பதில்தான்.

"நாங்க கறி மீனு எல்லாம் துன்றவங்கதாம்மா."

"நேத்து இன்னா சாப்ட்டீங்க?"

"கேவுரு களி. கீரை கடைஞ்சது."

"முந்தா நாளு?"

"அதேதான்."

"கறி எப்ப?"

"தீவாளி வருதில்ல" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஒரு கோழி வளர்த்தாள். அது எங்கள் காலடியிலேயே மேய்ந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது நாத்தனார் வழியில் நின்றுவிட்டாள். "கறி துன்ற வூட்ல கறியில்ல. சைவ வூட்ல பாலும் நெய்யும் இருக்கு. எத வச்சு எத ஒப்பிடறது? இது சைவம் அசைவம் இல்ல அண்ணி. பெர்மனென்ட்டு, கான்ட்ராக்ட்டு."

எனக்குக் கால் வலித்தது. "வெயில்ல நிக்காத பாப்பா, நட" என்றேன்.

அன்றைக்கே திட்டத்தை மாற்றினாள். ஒப்பிடுகிற வேலையே வேண்டாம். கறி சாப்பிடுகிறவர்கள் என்று பெயரெடுத்து, களியும் கீரையுமாக வாழ்கிறார்களே, அவர்கள் சாப்பாட்டில் என்ன சத்து இருக்கிறது, என்ன இல்லை, இங்கே விளைகிற வேர்க்கடலை, பலாக்கொட்டை இதையெல்லாம் சேர்த்தால் போதுமா என்று பார்க்கலாம் என்றாள். அதற்கு ஒரு நாள் சமையலை நேரில் பார்க்க வேண்டும். மறுபடி என்னைக் கூட்டிக்கொண்டு போய், நாளைக்கு உலை வைக்கிற நேரத்துக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் போனால், ரோட்டிலேயே மசாலா வாசனை. ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. கோழிக்காரி சட்டியைத் திறந்து காட்டினாள். காலடியில் கோழி இல்லை.

"முட்டை வைக்கிற கோழியாச்சேம்மா" என்றாள் நாத்தனார்.

"காலேஜுப் பொண்ணு வந்து சட்டிய எட்டிப் பாக்குதுன்னா களியவா காட்டறது? உக்காரு. சாப்ட்டுட்டு அப்பறம் எழுது."

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் இருந்தே சொன்னாள்: "முட்டைய வித்துதான் அவ உப்பு புளி வாங்குவா. சொல்லாம வந்திருந்தீங்கன்னா கோழி பொழைச்சிருக்கும்."

கோழிக்காரியும் சேர்ந்துதான் சிரித்தாள். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. நாத்தனார் தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டாள். அவள் எழுதவில்லை.

"இனிமே யார் வூட்டுக்கும் போவ மாட்டேன்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். காலேஜ் திறக்க ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது. அவள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போய் நின்றாள். "நம்ம வூட்டையே எடுத்துக்கறேண்ணா. அண்ணி ஆக்கறதையே எடை போட்டு, அதுல இன்னா சத்து இருக்குன்னு எழுதிக்கறேன்."

அவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நம்ம வூட்டு சட்டிய மெட்ராஸுல போயி தொறந்து காட்டப் போறியா?"

"பேரு போட மாட்டாங்கண்ணா."

"நான் துன்றது எனக்குத் தெரியும். நாலு பேரு படிக்க வேணாம். வேற எதனா எடு. இல்லன்னா வுட்டுட்டு ஊருக்குப் போ, அம்மா காத்துக்கினு இருக்கு."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிடுகிறவரிடம் நான் குறுக்கே பேசியதே கிடையாது. அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது.

"ஆக்கறது நானு. எனக்கு ஒண்ணும் இல்லிங்க. எழுதிக்கினு போவட்டும்."

தைரியம் வந்து பேசினேன் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. அந்தப் பெண்ணைக் காடாம்புலியூர் பஸ்ஸில் ஏற்றிவிடவும் தெம்பில்லை. அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவினார். ஷிப்ட் சங்கு ஊதியது. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சம்மதம் என்றால் அதுதான்.

டீச்சர் ஒத்துக்கொண்டார்கள். அரையாண்டு லீவுக்கு ஒரு சின்னத் தராசோடு வந்தாள். விடிந்ததும் அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முருங்கைக்கீரை வதக்கச் சட்டியை வைத்தேன். தினமும் ஊற்றுகிற அளவு எண்ணெய் ஊற்றினேன். ஊற்றின கை, மறுபடியும் எண்ணெய்க் கரண்டிக்குப் போனது. அவள் அதைப் பார்த்தாள். 

கோழிக்காரி அப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தாள். கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டுக் கீரையைப் போட்டேன். வெறும் கீரைதான். இறக்கினதும் அவள் வாங்கி எடை போட்டாள்.