முகம் தெரிகிற சண்டை

நாடு விட்டு வந்து டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்குப் பின்தெருவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் பரப்பிக் கராஜ் சேல் போட்டார். மகன் அங்கே ஒரு பெரிய படத்தை வாங்கி வந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது மரச் சட்டம் மட்டுந்தான். தன் கலியாணப் படத்தை அதற்குள் போட நினைத்தான்.

உள்ளே இருந்தது குதிரை வீரர்களின் சண்டை. செப்புத் தகட்டில் கீறி, மை பூசி, தாளில் அழுத்தி எடுத்த பழங்காலத்துப் படம் என்று விற்றவர் சொன்னாராம். மகன் ஸ்குரூ டிரைவர் தேடிப் போன நேரத்தில் நான் அதைச் சோபாவில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நிறமே இல்லை. எல்லாம் கோடு. நெருக்கிக் கீறினால் இருட்டு, விலக்கிக் கீறினால் வெளிச்சம். புகை இருக்கிற இடத்தில் ஒரு கோடும் இல்லை, வெறும் தாள். அதைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் படத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

மருமகளுக்குப் பிடிக்கவில்லை. சண்டைப் படம் வைத்த வீட்டில் சண்டை வரும் என்றாள். அது புதிதாக வரவேண்டியதில்லையே என்று மகன் சிரித்தபடி, சட்டத்தின் பின்னால் இருந்த திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான். தாள் குப்பைக்குப் போகப் போகிறது என்று தெரிந்தது.

அந்த வீட்டில் நான் எதையும் கேட்டு வாங்கியவள் அல்ல. தேத்தண்ணிக்குச் சீனி காணாவிட்டாலும் பேசாமல் குடிப்பேன். அன்றைக்குப் பேசினேன்.

“கழட்டாதை மோனை. உது எனக்கு வேணும்.”

“அங்கை ஊரிலை பாத்த சண்டை காணாதே அம்மா?”

“அங்கை நான் எங்கை பாத்தனான்? எங்கட வீட்டிலை ஷெல் விழுந்தது. அடிச்சவன்ரை முகத்தை நானும் காணேல்லை, என்ரை முகத்தை அவனும் காணேல்லை. இதிலை பார், வெட்டுறவனும் வெட்டு வாங்கிறவனும் ஆளை ஆள் பாக்கிறாங்கள். கீறினவன் ஒருத்தன்ரை முகத்தையும் விடேல்லை.”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மகன் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு கழற்றின திருகாணிகளைத் திரும்பப் பூட்டினான்.

கலியாணப் படம் வேறொரு சட்டத்தில் ஹோலுக்குப் போனது. சண்டை என் அறைக்கு வந்தது. மருமகள் மடித்த உடுப்புகளை வைக்க வரும்போது கட்டிலோரம் நின்று அதைப் பார்ப்பாள். ஒருநாள், எந்தப் பக்கம் மாமி வெல்லுது என்று கேட்டாள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, இத்தனை நாள் பார்த்தும் யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை என்றேன். அவள் உடுப்புகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, கிட்டப் போய்த் தேடத் தொடங்கினாள்.